இரண்டாவது டிரான்ஸ்பார்மர்



போன வாரம் என் பேத்தி எடுத்துப் போட்ட படத்தில், எனக்குப் பின்னால் அலமாரியில் ஆரஞ்சு வெளிச்சத்தோடு ஒரு பெட்டி தெரிந்ததாம். "சார், அது என்ன ரூம் ஹீட்டரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "மாமா, கோயம்புத்தூரில் அவ்வளவு குளிரா?" என்று சேலத்து மருமகன் கிண்டல். 91-ம் வருஷத்துப் பையன் ஒருவன் மட்டும் "வால்வு ஆம்ப்ளிஃபயர்" என்று சரியாக எழுதிவிட்டு, "இன்னும் பாடுதுங்களா சார்?" என்று கேட்டிருந்தான். பாடுகிறது. எப்படிப் பாடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும். வழக்கம்போல வகுப்பு மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் லீக் ஸ்டீரியோ 20. இங்கிலாந்தில் ஹெரால்டு ஜோசப் லீக் என்பவர் 1934-ல் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. இந்த மாடல் வெளிவந்தது 1958-ல். எட்டு வால்வுகள். நான்கு இ.எல். 84, மூன்று இ.சி.சி. 83, மின்சாரத்தை ஒருவழியாக்க ஒரு ஜி.இசட். 34. ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 வாட். இன்று கைக்கு அடக்கமான புளூடூத் ஸ்பீக்கருக்கே 20 வாட் என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள். அதனால் இந்த 10 வாட்டைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து கேட்க 10 வாட்டே அதிகம். எங்கள் வீட்டில் அதில் பாதியைக்கூட நான் தொட்டதில்லை.

என் கைக்கு இது வந்தது 1979-ல். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 70-களில் நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தேயிலைத் தோட்டங்கள் பல கைமாறின. குன்னூர்ப் பக்கம் ஒரு பங்களாவில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். அவருக்கு நாற்காலி வேண்டும். எனக்கு எதுவும் வேண்டாம், சும்மா போனேன். துணி மூடிய ஒரு இரும்புப் பெட்டி, மேலே கண்ணாடிக் குழல்கள். ஏலக்காரர் அதை "பழைய ரேடியோ" என்றார். 140 ரூபாய்க்கு எடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் தொடை மரத்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இது பாதி உடம்பு. பாட்டு வாங்கி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் முன் பெட்டி தனியாக இருந்திருக்கிறது. அது யாரிடம் போயிற்றோ.

வால்வு என்ற பெயர் எப்படி வந்தது என்று பத்தாம் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். நினைவிருக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எடிசனின் மின்விளக்குகள் உள்பக்கம் கறுத்துப்போயின. ஏன் என்று ஆராய அவர் பல்புக்குள் இன்னொரு உலோகத் தகட்டை வைத்தார். சூடான இழையிலிருந்து வெற்றிடத்தைத் தாண்டி அந்தத் தகட்டுக்கு மின்சாரம் பாய்ந்தது. 1884-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார், பெரிதாகப் பயன்படுத்தவில்லை. 20 வருஷம் கழித்து, 1904-ல், லண்டனில் பேராசிரியராக இருந்த ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் அதைக் கையில் எடுத்தார். சைக்கிள் டியூப் வால்வில் காற்று உள்ளே போகும், வெளியே வராது அல்லவா? அதுபோல் இந்தக் குழலில் மின்சாரம் ஒரு திசையில்தான் போகும். அதனால் அதுவும் வால்வு. ஃபிளெமிங்குக்குக் காது மந்தம். ஒலியின் உலகத்தையே மாற்றிய கருவியைக் கொடுத்தவருக்குக் காது சரியாகக் கேட்காது. வாத்தியார் வேலைக்கு அது ஒரு விதத்தில் வரம் என்று ஸ்டாஃப் ரூமில் நாங்கள் பேசிக்கொள்வோம்.

1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அந்தக் குழலுக்குள் மூன்றாவதாக ஒரு கம்பியைச் சேர்த்தார். அந்தக் கம்பியில் சின்ன அசைவு, தகட்டில் பெரிய அசைவு. கண்மாய் மதகைக் கையால் ஏற்றி இறக்குகிறவன் பலம் சின்னது. ஓடுகிற தண்ணீரின் பலம் பெரிது. பெருக்கம் என்பது அவ்வளவுதான். சின்னது பெரியதாக மாறுவதில்லை. சின்னது சொல்கிறபடி பெரியது ஆடுகிறது.

ஆனால் ஒழுங்காக ஆடுவதில்லை, அதுதான் சிக்கல். உள்ளே போன வடிவம் வேறு, வெளியே வருகிற வடிவம் வேறு. இதற்கு வழி கண்டவர் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹெரால்டு பிளாக். 1927 ஆகஸ்டில் ஒரு நாள் காலை, வேலைக்குப் போகும் படகில் நின்றுகொண்டிருந்தபோது தோன்றியதாம். கையில் இருந்த செய்தித்தாளிலேயே எழுதினார். வெளியே வருகிற ஒலியில் ஒரு பங்கை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி நுழைவாசலுக்கே அனுப்பு. பிழை தன்னைத் தானே கழித்துக்கொள்ளும். எதிர்ப் பின்னூட்டம் என்று நான் கரும்பலகையில் எழுதியபோது நீங்கள் கொட்டாவி விட்ட பாடம் இதுதான்.

லீக் 1945-ல் தன் ஆம்ப்ளிஃபயருக்கு 'பாயின்ட் ஒன்' என்று பெயர் வைத்தார். திரிபு 0.1 சதவீதம் என்பதற்காக. அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத எண். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வால்வு ஒலி என்றால் 'கதகதப்பு', 'தேன்' என்றெல்லாம் இப்போது எழுதுகிறார்கள், அதற்காக லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் தேன் தடவ நினைக்கவே இல்லை. தங்கள் கருவி இருப்பதே தெரியக்கூடாது என்றுதான் பாடுபட்டார்கள். நல்ல நிலையில் இருக்கும் லீக்கில் எனக்குத் தேன் எதுவும் கேட்டதில்லை. பாட்டுக் கேட்கும்.

அந்த 0.1-க்கு ஒரு விலை உண்டு. வால்வுக்குள் ஓடுவது உயர்ந்த வோல்ட், சிறிய மின்னோட்டம். ஸ்பீக்கருக்கு வேண்டியதோ தாழ்ந்த வோல்ட், பெரிய மின்னோட்டம். இரண்டுக்கும் நடுவே தரகர்போல நிற்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். ஒலி முழுவதும் அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அது சரியில்லை என்றால் பின்னூட்டம் பிழையைத் திருத்துவதற்குப் பதில் ஊளையிடும். ஆகவே அதன் சுருளை ஒரே கட்டாகச் சுற்ற மாட்டார்கள். முதல் சுருளில் கொஞ்சம், மேலே இரண்டாம் சுருளில் கொஞ்சம், மறுபடி முதல் சுருள் என்று அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள். எல்லாம் ஈர்க்கைவிட மெல்லிய எனாமல் கம்பி. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஸ்டீரியோவின் கதை சோகமானது. ஆலன் பிளம்லைன் என்ற இஞ்சினியர் லண்டனில் இ.எம்.ஐ.யில் இருந்தார். சினிமாவில் ஆள் திரையின் ஒரு பக்கம் நிற்கிறான், குரல் வேறெங்கிருந்தோ வருகிறதே என்று அவருக்கு உறுத்தியதாகச் சொல்வார்கள். 1931 டிசம்பரில் அவர் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்தில், ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இரண்டு ஒலிகளைப் பதிக்கும் வழி வரை இருந்தது. கடைக்கு ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தது 1958 வாக்கில்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. 1942 ஜூன் 7 அன்று, ராடார் கருவியைச் சோதிக்கப் பறந்த ஹாலிஃபாக்ஸ் விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 38. போர்க்கால ரகசியம் என்பதால் அந்த விபத்தைப் பற்றி அப்போது வெளியே சொல்லவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் என் லீக், அவர் சொன்னது கடைக்கு வந்த அதே வருஷத்து மாடல்.

ஐந்தே வருஷத்தில், 1963-ல், அதே லீக் கம்பெனி டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்துவிட்டது. சூடு இல்லை, கனமில்லை, அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் தேவையில்லை. 1969-ல் லீக் கம்பெனியை ரேங்க் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். குன்னூர் பங்களாவில் துணி மூடிக் கிடந்தது ஏன் என்று இப்போது புரியும்.

நம் ஊரில் வால்வு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-ல் தொடங்கப்பட்டு, 60-களில் ரேடியோ வால்வுகளைச் செய்தது. தபாலாபீசில் லைசென்ஸ் கட்டி வைத்திருந்த உங்கள் தாத்தா வீட்டு ரேடியோவைத் திருப்பியதும் உடனே பாடாது; சூடாகட்டும் என்று காத்திருந்து, பிறகு இலங்கை வானொலி மெல்ல எழுந்து வரும். அப்படிப் பல ரேடியோக்களில் கடைசி வால்வாக இருந்தது இதே இ.எல். 84. அதனால் என் லீக்கில் செத்துப்போயிருந்த ஒரு வால்வுக்கு மாற்று வாங்க லண்டனுக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. உக்கடம் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் அண்ணனின் டிராயரில் கிடந்தது.

அந்த அண்ணன்தான் எனக்கு இந்த வித்தையில் குரு. பி.எஸ்.சி. இயற்பியல் படித்தவனுக்குச் சால்ட்ரிங் வைக்கத் தெரியாது என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். நேராகப் பிளக்கில் சொருகப்போன என் கையைத் தட்டிவிட்டு, 100 வாட் பல்பைத் தொடரில் போட்ட சீரிஸ் போர்டில் மாட்டினார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், பெட்டி பிழைக்கும். "இதுக்குள்ள 300 வோல்ட்டுக்கு மேல ஓடுதுங்க வாத்தியாரே. சுச்சை அணைச்சாலும் கண்டென்சர்ல நிக்கும். கை வெக்கறப்ப ஒரு கை ஜோப்புல இருக்கோணும்" என்றார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

அவர் சொன்ன இன்னொன்றை நான் கேட்கவில்லை. "பேப்பர் கண்டென்சரை நம்பாதீங்க. எல்லாத்தையும் மாத்திப்போடுங்க." நான்தான், அசல் லீக் சாமான், பாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவைத்தேன். மெழுகுக் காகிதக் கண்டென்சருக்கு வயதானால் கசியும். அதன் வேலை ஒலியை மட்டும் விட்டு, நேர் மின்னழுத்தத்தை அடுத்த வால்வுக்குப் போகாமல் தடுப்பது. கசிந்தால் இ.எல். 84-ன் மதகு தானாகத் திறந்துகொள்ளும். மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், தகடு பழுக்கும்.

1996 டிசம்பரில் ஒரு சாயங்காலம். அம்மாவுக்காக எம்.எஸ். அம்மாவின் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் எனக்கு டியூஷன். நடுவில் எட்டிப் பார்த்தபோது ஒரு வால்வு மட்டும் மற்றதைவிடச் சிவப்பாக இருந்தது. இழையின் ஆரஞ்சு அல்ல, தகட்டிலேயே ஒரு செந்தூரப் பொட்டு. "பாரும்மா, எவ்வளவு அழகாயிருக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டியூஷனுக்குத் திரும்பினேன். எம்.எஸ்.சி. வரை படித்து, 19 வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஆள் நான். கால் மணி நேரத்தில் கருகிய வார்னிஷ் வாசம். இடது பக்கம் ஊமையாகிவிட்டது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் முதல் சுருள் எரிந்து அறுந்துபோயிருந்தது.

வால்வு கிடைக்கும், கண்டென்சர் கிடைக்கும். லீக் கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது? சென்னை ரிச்சி தெரு முழுக்க அலைந்தேன். ரேடியோ டிரான்ஸ்பார்மரை எடுத்துக் காட்டினார்கள், ஆகாது. உக்கடம் அண்ணன் அதற்குள் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூர் போயிருந்தார். போன் செய்தபோது, "மோட்டார் காயில் கட்டறவங்களைப் பாருங்க. கம்பி சுத்தத் தெரிஞ்சவன் அவன்தான்" என்றார்.

கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் இறங்கியதிலிருந்து மில்லும் மோட்டாரும் பம்புசெட்டும்தான் இந்த ஊர். கிணற்றில் மோட்டார் எரிந்துபோனால் கழற்றிக் கொண்டுவந்து போட, தெருவுக்கு ஒரு ரீவைண்டிங் கடை. பீளமேட்டில் ஒரு பையன் நுணுக்கமாகச் சுற்றுவான் என்றார்கள். டிரான்ஸ்பார்மரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்து நின்றான். "வாங்க சார்."

இங்கேதான் நான் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1984-ல் அவன் என் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். அவன் அப்பா ரீவைண்டிங் கடையில் கூலிக்கு இருந்தார். பையன் சட்டைப் பையில் எப்போதும் எனாமல் கம்பித் துண்டுகள் இருக்கும். மின்தூண்டல் பாடம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் பென்சிலில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். நான் அவனை எழுப்பி, பிடுங்கி, ஜன்னல் வழியாக எறிந்தேன். "நீ காயில் கட்டத்தான் லாயக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது. அன்று அங்கே இருந்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். மின்தூண்டல் பாடத்தில் காயில் சுற்றிய ஒரே மாணவன் அவன்தான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பத்தாவதோடு அவன் நின்றுவிட்டான்.

கடையில் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிரான்ஸ்பார்மரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மோட்டாரைப் போல இது இல்லை, அடுக்கடுக்காக இருக்கும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "பிரிச்சுப் பாத்தாத் தெரியும்ங்க சார்" என்றான். தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எரிந்த சுருளை எதிர்த் திசையில் கையால் பிரித்தான். ஒவ்வொரு அடுக்குக்கும் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் முடிந்தது, நடுவில் எத்தனை மடிப்புக் காகிதம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினான். கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்தான். எரிந்து ஒட்டிப்போன இடத்தில் எண்ணிக்கை தவறியதும், நல்ல நிலையில் இருந்த வலது பக்கத்து டிரான்ஸ்பார்மரை அளந்து சரிபார்க்க வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயரையே கொண்டுவரச் சொன்னான். பதினோரு நாள் ஆயிற்று.

ஒருநாள் மீட்டரோடு போன நான், முதல் சுருளின் இரண்டு பாதிகளையும் அளந்து பார்த்து, "ஓம் சமமா இல்லையேப்பா, ஒரு பாதி ஜாஸ்தியா காட்டுது, தப்பாச் சுத்திட்டியா?" என்றேன். அவன் தயங்கித்தான் சொன்னான். "சுத்து சமமுங்க சார். வெளி அடுக்குல சுத்து ஒவ்வொண்ணும் பெருசு, கம்பி நீளம் ஜாஸ்தி. அதனால ஓம் சமமா வராதுங்க. பாட்டுக்குச் சுத்துதானுங்க சார் கணக்கு?" கணக்கு அதுதான். மின்தடை நீளத்தைப் பொறுத்தது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மாட்டி, சீரிஸ் போர்டில் போட்டு மெதுவாக ஏற்றியதும் ஸ்பீக்கர் வீலென்று அலறியது. அவன் முகம் வெளுத்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் வாத்தியார் உதவினேன். முதல் சுருளின் இரண்டு முனைகள் இடம் மாறிவிட்டன, தலைகீழாகப் போக வேண்டிய பின்னூட்டம் நேராகப் போகிறது, அதனால்தான் கழிப்பதற்குப் பதில் கூட்டுகிறது என்றேன். அணைத்து, கண்டென்சரில் நின்றதை வடித்து, இரண்டு முனைகளையும் மாற்றி ஈயம் வைத்தோம். அலறல் நின்றது. அம்மா கேட்ட அதே இசைத்தட்டை வீட்டில் போட்டபோது இடது பக்கம், வலது பக்கம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டான். கூலி கேட்டதற்கு, "சார்கிட்ட எப்புடீங்க" என்றான்.

அதன் பிறகு காகிதக் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அசல் சாமானைக் கழற்றிவிட்டீர்களே என்று சேகரிப்பாளர்கள் வருத்தப்படுவார்கள், படட்டும். பழைய துண்டுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன்னால், ஒவ்வொரு இ.எல். 84-ன் கேத்தோடிலும் வோல்ட் பார்ப்பேன். 270 ஓம் தடையில் 10.8 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர், சரி. ஒன்று மட்டும் ஏறியிருந்தால் உடனே அணைத்துவிடுவேன். ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் பாட்டைப் போடமாட்டேன்; பாரம் இல்லாமல் ஓடினால் டிரான்ஸ்பார்மருக்குத்தான் ஆபத்து. வால்வு இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். நம்மைப் போன்ற கிழவர்களுக்காக அல்ல, கிடார் வாசிக்கும் பையன்களுக்காக. பீட்டில்ஸ் வைத்திருந்த வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரிலும் இருந்தது இந்த இ.எல். 84 தான். 2022-ல் ரஷ்யாவிலிருந்து வருவது தடைபட்டபோது விலை ஏறியது. நல்லவேளை, எனக்கு உக்கடம் அண்ணன் கொடுத்துவிட்டுப் போன ஆறு பெங்களூர் வால்வுகள் மிச்சம் இருந்தன.

உறவினர்களில் இரண்டு பேர், "உங்களுக்குப் பிறகு அது யாருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். இணையத்தில் அதன் விலையைப் பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பீளமேட்டுக் கடைக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். அவனுடைய அந்த நோட்டும் அங்கேதான் இருக்கிறது. அது இல்லாமல் வலது பக்கம் எரிந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவன் பெண் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் இரண்டாம் வருஷம். உள்ளே திறந்து பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வருகிறார்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். 84-ல் சொன்னதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. ஒவ்வொரு முறை கடைக்கு வரும்போதும் கேட்க நினைத்து, கண்டென்சர் விலையைப் பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அன்று சிரித்தவர்கள் பார்க்கும் இடத்திலேயே கேட்கிறேன், மன்னித்துவிடு. ஞாயிறு வரும்போது அந்த மைக்ரோமீட்டரை எடுத்து வா, என்னுடையது துருப்பிடித்துவிட்டது. மதியம் சாப்பாடு இங்கேதான்.